மூச்சு நிற்பதைப் பார்த்தவர் நீங்கள்தான்

வாசகி கேள்வி: என் கணவருக்கு வயது 46. சேலம் கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறோம். சொந்தமாகச் சுற்றுலா வேன் வைத்து, வாரத்தில் நான்கைந்து நாள் ஏற்காட்டுக்குச் சவாரி எடுத்துச் செல்கிறார். பல ஆண்டுகளாகவே பலமாகக் குறட்டை விடுவார். இப்போது ஓராண்டாக அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. ஒருநாள் இரவு செல்போனில் மணி பார்த்தேன். பத்து நிமிடத்தில் நான்கு முறை நின்றது. அதில் ஒருமுறை 25 விநாடி. பயந்துபோய்த் தட்டி எழுப்பினால், 'நிம்மதியாத் தூங்கறவன எதுக்கு எழுப்பற' என்று கோபித்துக்கொள்கிறார். மூன்று ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் இரண்டாவது மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். காலையில் தலைவலி, இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் அயர்கிறார். தை மாதம் குப்பனூர் வழியாக இறங்கும்போது வண்டி தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. வெயில் கண்ணில் அடித்தது என்கிறார். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாததால்தான் குறட்டை வருகிறது என்றும் சொல்கிறார். ஏதோ அமுக்குகிறது, மந்திரிக்க வேண்டும் என்பது மாமியாரின் கருத்து. தூக்கம் போதவில்லை என்று என் கணவர் தாமாகவே மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார். எடை 92 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், சட்டைக் காலர் 17. இது வியாதிதானா? எந்த மருத்துவரிடம் போவது? அதுவரை அவரை வண்டி ஓட்ட விடலாமா?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நள்ளிரவில் கையில் செல்போனை வைத்துக்கொண்டு கணவரின் மூச்சு திரும்பி வருவதற்காக 25 விநாடி காத்திருந்தது எத்தகைய அனுபவம் என்பதை, இந்த நோயோடு நாள்தோறும் பழகும் நான் ஓரளவு அறிவேன். நீங்கள் பயந்தது சரி. தட்டி எழுப்பியதும் சரி. நீங்கள் எழுதியிருப்பது வெறும் குறட்டையன்று. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு, அதாவது மருத்துவர்கள் ஸ்லீப் அப்னியா என்று அழைக்கும் நோய்க்கு, மிக வலுவான அறிகுறிகள். சோதனை செய்யாமல் இதுதான் என்று நான் முத்திரை குத்த முடியாது. ஆனால் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்விகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், அடங்காத இரத்த அழுத்தத்துக்காக ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். 'தூக்கமெல்லாம் எப்படி?' என்று கேட்டால், 'படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிருவேன் சார்' என்பார். நானும் நல்லது என்று எழுதிக்கொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவேன். அவருடைய மனைவி ஒவ்வொரு முறையும் கூடவே வந்து, கையில் பையோடு கதவருகே நின்றுகொண்டிருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. பிற்பாடு பக்கவாதம் வந்து அவர் வார்டில் கிடந்தபோதுதான், 'ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருங்க, அஞ்சாறு வருஷமா' என்று அந்த அம்மாள் சொன்னார். பக்கவாதம் அதனால்தான் வந்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது; ஆனால் அந்த அம்மாளிடம் கேட்காதது என் தவறு. இந்த நோயில் நோயாளிக்குத் தன் நோய் தெரியாது. அருகில் படுத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். எனவே உங்கள் கணவரின் நோயைப் பற்றி இந்தக் கணத்தில் அவரைவிடவும், அவருக்குப் பிரஷர் மாத்திரை எழுதும் மருத்துவரைவிடவும் அதிகம் அறிந்தவர் நீங்கள்தான்.

என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். காகிதத்தால் செய்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பார்த்திருப்பீர்கள். புதிதாக இருக்கும்வரை குழல் விறைப்பாக நிற்கும். நனைந்து ஊறிய பிறகு வேகமாக உறிஞ்சினால் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொண்டு, எவ்வளவு இழுத்தாலும் நீர் வராது. நம் தொண்டையும் ஏறத்தாழ அப்படித்தான். மூக்குக்குப் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையிலான பகுதியில் எலும்பு வளையம் ஏதுமில்லை. தசைகளின் விறைப்பே அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. உறங்கும்போது தசைகள் தளர்கின்றன, மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்திருந்தாலோ, கீழ்த்தாடை சிறிதாக இருந்தாலோ, பாதை முன்பே குறுகலாக இருக்கும். குறுகிய வழியில் காற்று போகும்போது மென்மையான தசைகள் அதிர்ந்து எழும் ஒலியே குறட்டை. பாதை முழுவதும் ஒட்டிக்கொள்ளும்போது குறட்டையும் நிற்கிறது, மூச்சும் நிற்கிறது. குறட்டை ஓய்ந்த அந்த அமைதியைத்தான் வீட்டார் பெரும்பாலும், நல்லவேளையாகத் தூங்கிவிட்டார் என்று எண்ணிவிடுகிறார்கள்.

அதன்பின் இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. மூளை இதை உணர்ந்து, உறங்குபவரைச் சில விநாடிகள் அரைகுறையாக எழுப்புகிறது; தசைகள் மீண்டும் இறுகுகின்றன; பெரிய செருமலோடு காற்று உள்ளே பாய்கிறது; அவர் மறுபடி உறங்கிவிடுகிறார். இந்த விழிப்பு மிகக் குறுகியது என்பதால் காலையில் அவருக்கு அது நினைவிலேயே இராது. 'நிம்மதியாகத் தூங்குகிறேன்' என்று அவர் சொல்வது பொய்யன்று. அவர் அறிந்த அளவில் அது உண்மை. ஆனால் இரவெல்லாம் அவருடைய மூளை நீரில் மூழ்கி மூழ்கி மேலே வருபவனைப் போல் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாமல் பதில் சொல்கிறேன், ஏனெனில் ஊரில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். அமுக்குவது என்று சொல்லப்படும் நிலையில், உறங்குபவர் தாமே விழித்துக்கொள்வார், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும், மறுநாள் அதை அச்சத்தோடு விவரிப்பார். கனவு காணும் உறக்க நிலையில் உடல் தசைகள் செயலற்றிருப்பது இயல்பு. அந்த நிலை விலகுமுன் நினைவு திரும்பிவிடுவதால் அப்படி நேர்கிறது. உங்கள் கணவருக்கோ எதுவுமே தெரிவதில்லை, தெரிவது உங்களுக்குத்தான். அம்மாவின் மன ஆறுதலுக்காக மந்திரிப்பதானால் மந்திரித்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சோதனையை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் தனித்தனியாக எழுதிய பிற தொல்லைகள் பலவற்றையும் இந்த ஒரே நூலில் கோக்க முடியும். காலைத் தலைவலிக்கு, இரவில் உடலில் தேங்கும் கரியமில வாயு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிறுநீருக்காக எழுவதன் காரணம் பலருக்கு வியப்பளிக்கும். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மார்பு பலமாக இழுக்கும்போது இரத்தம் இதயத்தின் மேலறைக்குள் கூடுதலாக இழுக்கப்படுகிறது. விரிந்த அந்த அறை, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி, அதை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் வழியாகச் செய்தி அனுப்புகிறது. சர்க்கரை நோயாலும் புராஸ்டேட் வீக்கத்தாலும் இரவில் சிறுநீர் மிகுதியாகலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, இயல்பான உறக்கத்தில் அது பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கி இதயத்துக்கு ஓய்வளிக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுத்தடைக்குப் பின்னும் உடல் அபாய நிலைக்குச் சென்று அழுத்தம் எகிறுவதால் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. நாளடைவில் பகலிலும் அழுத்தம் ஏறியே நிற்கிறது. ஒரு மாத்திரைக்கு அடங்காமல் இரண்டாவதும் தேவைப்படும் ஒருவர் குறட்டையும் விடுகிறார் என்றால், மூன்றாவது மாத்திரைக்கு முன்பு உறக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சிகிச்சையின்றி விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கவலைதான் இருக்கிறது. நடுத்தரமான அல்லது தீவிரமான ஸ்லீப் அப்னியா உள்ளவர்களிடம் உயர் இரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன. இவர்களில் பலருக்கு உடற்பருமனும் இருப்பதால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. அச்சுறுத்தி உங்களைச் சோதனைக்கு அனுப்பவும் நான் விரும்பவில்லை. ஆனால் ஓர் ஆபத்தில் எந்தத் தயக்கமும் எனக்கு இல்லை. அது வண்டி ஓட்டும்போது வரும் உறக்கம். சிகிச்சை பெறாத நோயாளிகள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். சோதனை முடிந்து சிகிச்சை பலன் தரத் தொடங்கும்வரை அவர் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டக் கூடாது. இதை ஒரு வேன் ஓட்டுநர் குடும்பத்துக்கு எழுதுவது எவ்வளவு கடுமையானது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்; கோடைச் சவாரிகளை நம்பித்தான் ஆண்டின் பிற மாதங்கள் ஓடுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கண் மூன்று விநாடி மூடினால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டிகூட 25 மீட்டர் தானாக ஓடிவிடும். தை மாதம் தடுப்புச் சுவரில் உரசியது வெயிலாலா, கண் அயர்ந்ததாலா என்பதை அவரே அறிய முடியாது. சில விநாடி உறக்கத்தை மூளை பல நேரம் பதிவு செய்வதில்லை. அதுவரை வேறோர் ஓட்டுநரைச் சம்பளத்துக்கு அமர்த்தி வண்டியை ஓடவிடுங்கள். தவிர்க்கவே முடியாமல் அவர் தமக்காகச் சமவெளியில் ஓட்ட நேர்ந்தால், நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்திலும் மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்திலும் வேண்டாம்; கண் கனத்தால் உடனே ஓரங்கட்டி இருபது நிமிடம் உறங்கட்டும். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் உறக்கத்தைத் தள்ளிவைக்கும் என்று ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். அவை சில நிமிடங்களுக்குமேல் தாங்குவதில்லை. காப்பி சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் இழந்த உறக்கத்தை அது ஈடுசெய்யாது.

தூக்க மாத்திரையை இன்றிரவே நிறுத்தச் செய்யுங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கப்படும் இவ்வகை மாத்திரைகளில் பல, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துவதோடு, மூச்சு நின்றால் எழுப்பிவிடும் மூளையின் காவலையும் மந்தமாக்கும். சில வாரங்களுக்குமேல் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் மட்டும், ஒரேயடியாக விடாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாக விட வேண்டும். மதுவும் தொண்டைக்கு அதே கேட்டைச் செய்யும். அந்தப் பழக்கம் அவருக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் மாலைக்குமேல் கூடவே கூடாது. சோதனை வரை அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து திரும்பிவிடாமலிருக்க முதுகுப்புறம் ஒரு திண்டு வைக்கலாம். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தலாம். இவை தற்காலிக உதவிகள் மட்டுமே.

மலைக்குளிர் பற்றி அவர் சொல்வதில் நேர்மையான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. மேலே காற்றழுத்தம் குறைவதால், சேலத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவான பிராணவாயுவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிறது. நலமாக இருப்பவர் இதை உணரவே மாட்டார். ஸ்லீப் அப்னியா உள்ளவர் இரவு அங்கே தங்கினால், மூச்சு நிற்கும்போது பிராணவாயு இன்னும் சற்றுக் கீழே இறங்கக்கூடும். குளிரில் மூக்கடைத்தால் வாய்வழி மூச்சும் குறட்டையும் மிகும். எனவே மலை அவருடைய நோயை அங்கே தங்கும் இரவுகளில் சற்று மிகுதியாக்கலாம். மலை அதை உண்டாக்கவில்லை. அவருக்கு மூச்சு நின்றதை நீங்கள் எண்ணிப் பார்த்தது கன்னங்குறிச்சி வீட்டில் அல்லவா?

இனிச் சோதனை. நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ தொடங்கலாம். பல இடங்களில் இருவரும் சேர்ந்தே பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குச் செல்வதானால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் புறநோயாளிப் பிரிவில் காட்டி, உறக்கச் சோதனையை எங்கே செய்துகொள்வது என்று அங்கேயே கேளுங்கள். மருத்துவர் முதலில் எட்டுக் கேள்விகள் கேட்கக்கூடும்: பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பவை அவை. ஐந்துக்கும் மேற்பட்டவற்றுக்கோ ஐந்துக்கோ 'ஆம்' என்றால் நோய்க்கான வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் கணவருக்கு வயதும் நிறைக் குறியீடும் தவிர மற்ற ஆறும் பொருந்துகின்றன. காலர் 17 என்பது ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். அவருடைய நிறைக் குறியீடு 32 முதல் 33 வரை வருகிறது. 35-க்குக் கீழே இருப்பதால் ஆறுதல் கொள்ள இடமில்லை. நம் நாட்டவருக்கு 25-லிருந்தே உடற்பருமன் என்று கொள்கிறோம், தாடை அமைப்பின் காரணமாக ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

பகல் உறக்கத்தை அளக்க இன்னொரு வினாப்பட்டியல் உண்டு. ஆஸ்திரேலியாவின் எப்வொர்த் மருத்துவமனையில் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டி நெரிசலில் நிற்கும்போது என்பன போன்ற எட்டுச் சூழல்களில் கண் அயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஓட்டுநர்கள், தொழில் போய்விடுமோ என்ற அச்சத்தில், இதில் குறைத்தே சொல்கிறார்கள். ஆகவே அவர் ஒரு தாளிலும் நீங்கள் ஒரு தாளிலும் தனித்தனியே நிரப்புங்கள். இரண்டையும் மருத்துவர் பார்க்கட்டும்.

ஆனால் இவை யாவும் சந்தேகத்தை அளப்பவை. நோயை உறுதி செய்வது உறக்கச் சோதனை மட்டுமே. விழித்திருக்கும்போது இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 விழுக்காடு காட்டுகிறது என்று சொல்லி யாரேனும் உங்களைத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். விழித்திருக்கும்போது தொண்டை திறந்துதான் இருக்கும். கைக்கடிகாரக் கருவிகளின் கணக்கும் சோதனைக்கு ஈடாகாது.

முழுமையான சோதனைக்கு மருத்துவமனையில் ஓர் இரவு உறங்க வேண்டும். தலையில் மூளை அலைக்கும், கண்ணோரத்தில் கண் அசைவுக்கும், தாடையில் தசை இறுக்கத்துக்கும் ஒட்டுக் கம்பிகள், மூக்கருகே காற்றோட்டத்தை அறியும் சிறு குழாய், மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பட்டைகள், விரலில் பிராணவாயு அளவி, ஈசிஜி. ஊசி இல்லை, வலி இல்லை, காலையில் வீட்டுக்குப் போய்விடலாம். இத்தனை கம்பிகளோடு எப்படி உறங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் கணவரைப் போன்ற உறக்கக் கடனாளிகள் உறங்கிவிடுவார்கள். கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்பிச் செய்யும் எளிய சோதனையும் உண்டு. நோய்க்கான வாய்ப்பு மிகுந்து, வேறு பெரிய இதய, நுரையீரல் நோய்கள் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் போதும், செலவும் குறைவு. ஆனால் வீட்டுக் கருவி மூளை அலைகளைப் பதிவு செய்யாததால் நோயின் அளவைக் குறைத்துக் காட்டிவிடலாம். ஆகவே அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் உங்கள் கணவர் விஷயத்தில் அங்கே நிறுத்தாமல் முழுச் சோதனை செய்தாக வேண்டும்.

அறிக்கையில் நீங்கள் தேட வேண்டிய எண் ஏ.எச்.ஐ. என்பது. ஒரு மணி நேர உறக்கத்தில், பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும் வெகுவாகக் குறைந்ததும் மொத்தம் எத்தனை முறை என்பதை அது சொல்கிறது. 5-க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். நீங்கள் பத்து நிமிடத்தில் எண்ணிய நான்கை ஆறால் பெருக்கி முடிவு கட்டிவிடாதீர்கள். மல்லாந்து படுக்கும்போதும் கனவு உறக்கத்திலும் எண்ணிக்கை ஏறும், மற்ற நேரம் இறங்கும். அந்த எண்ணோடு, பிராணவாயு எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு நேரம் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது என்பவற்றையும் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தைராய்டு, சர்க்கரை, ஈசிஜி, இரத்தச் சிவப்பணு அளவு ஆகியவற்றையும் உடன் பார்ப்பார்கள். தைராய்டு குறைவும் இந்த நோய்க்கு ஒரு காரணமாகலாம்.

நோய் உறுதியானால், நடுத்தர, தீவிர நிலைகளில் முதல் சிகிச்சை சிபாப் என்னும் கருவி. 1981-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், வேக்யூம் கிளீனரில் உள்ளதைப் போன்ற மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப்பிடிக்க முடியும் என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டினார். இன்றைய கருவி தலைமாட்டில் அடங்கிவிடும். சத்தமும் மிகக் குறைவு. அது பிராணவாயு சிலிண்டரன்று. அறையின் காற்றையே அளவான அழுத்தத்தில் செலுத்துகிறது. சோதனையில்லாமல், உறவினர் பயன்படுத்தியது என்று வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. அழுத்தம் ஒவ்வொருவருக்கும் வேறு. முதல் சில வாரங்கள் வாடகைக்கு எடுத்து, முகக்கவசம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது.

பலனையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பகல் உறக்கம் பலருக்குச் சில நாட்களிலேயே குறைகிறது. விபத்து வாய்ப்பு குறைகிறது. இரத்த அழுத்தம் சராசரியாகச் சிறிதளவே இறங்குகிறது, ஆகவே பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த சுமார் 2,700 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிபாப் புதிய மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகக் காணவில்லை; அவர்கள் சராசரியாக ஓர் இரவில் 3.3 மணி நேரமே அதை அணிந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், கருவியை வாங்கி அலமாரியில் வைப்பதால் பயனில்லை, இரவு முழுவதும் அணிய வேண்டும் என்பதே. லேசான நோய்க்கு, கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்கருவியும் உதவும். அறுவை சிகிச்சை சிலருக்கு மட்டுமே பொருந்தும். அதை முதல் வழியாகச் சொல்பவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். எடை பத்து விழுக்காடு குறைந்தால், அதாவது அவருக்கு 9 கிலோ குறைந்தால், மூச்சுத்தடை ஏறத்தாழக் கால் பங்கு குறையும் என எதிர்பார்க்கலாம். அது மெல்ல நடக்கட்டும். எடை குறைந்த பிறகு பார்க்கலாம் என்று சோதனையை நிறுத்தி வைக்காதீர்கள். உறக்கம் கெட்ட உடலுக்குப் பசியும் கூடும், நடக்கவும் தெம்பிராது.

அவரை அழைத்துச் செல்வதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. சண்டையின் நடுவே இதைச் சொல்ல வேண்டாம். ஓர் இரவு விளக்கைப் போட்டு, நெஞ்சும் வயிறும் தெரியும்படி இரண்டு நிமிடம் செல்போனில் படம் பிடியுங்கள். சத்தம் நின்ற நேரத்தில் நெஞ்சும் வயிறும் மேலும் கீழுமாகப் போராடுகின்றனவா, அல்லது அவையும் அசையாமல் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். போராடினால் தொண்டை அடைப்பு. அசைவே இல்லையென்றால் மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வரவில்லை என்று பொருளாகலாம், அதன் சிகிச்சை வேறு. மருத்துவருக்கு இந்த வேறுபாடு மிகப் பயன்படும். அந்தப் படத்தை, அவர் காலையில் நல்ல மனநிலையில் இருக்கும்போது வேறு யாரும் இல்லாத நேரத்தில் காட்டுங்கள். மற்றவர் சொல்ல நம்பாத ஆண்கள், தாம் மூச்சின்றிக் கிடப்பதைக் கண்ணால் கண்டு சோதனைக்கு இசைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வியாதிக்காரர் என்று எழுதிவிட்டால் தொழில் போய்விடுமே என்று அவர் அஞ்சினால், சிகிச்சை எடுத்து உறக்கம் சீரானவர்கள் மீண்டும் பாதுகாப்பாக வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும் நாளில் அரைத்தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை ஆண்டாகக் குறட்டை, மூச்சு நிற்பதை எப்போதிருந்து பார்க்கிறீர்கள், நின்ற விநாடிகள், இரவில் எழும் முறை, எல்லா மாத்திரைகளின் பெயர்கள், தை மாதம் வண்டி உரசியது. அவர் அதை விட்டுவிடச் சொன்னாலும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். டோக்கன் கூப்பிட்டதும் வாசலில் நின்றுவிடாமல் நீங்களும் உள்ளே சென்று, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்கவில்லையென்றால், 'நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்' என்று நீங்களே தொடங்குங்கள்.